கேமரா மேடும் பவுச்சும்: மலையில் போன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

குன்னூரிலோ ஊட்டி கமர்ஷியல் ரோட்டிலோ ஒரு செல்போன் கடையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பவுச் வாங்க வருகிறவர் சுவரில் தொங்குவதில் நிறம் பிடித்த ஒன்றைக் கழற்றுவார். போனை அதற்குள் அழுத்துவார். நான்கு மூலையும் மூடியிருக்கிறதா, பட்டன் அமுங்குகிறதா என்று பார்ப்பார். காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். கேமரா இருக்கும் இடத்தை விரலால் தடவிப் பார்க்கிறவர் மிகக் குறைவு.

மூலைகளை ஏறக்குறைய எல்லா பவுச்சும் காக்கும். நூறு, நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கியதும் அந்த வேலையைச் செய்துவிடும். நல்லதும் சுமாரானதும் பிரிகிற இடம் கேமராவைச் சுற்றி எழும்பி நிற்கிற விளிம்பு. இன்றைய போன்களில் பின்பக்கத்தின் உச்சி கேமராதான்; அந்தத் துருத்தலைத்தான் மேடு என்கிறேன். விளிம்பு சரியில்லை என்றால் மேஜையில் வைக்கும் ஒவ்வொரு முறையும் போன் கேமராக் கண்ணாடியின் மேல்தான் உட்கார்கிறது. மூடுபனி, மழை, செம்மண், உறைபனி எல்லாம் உள்ள நீலகிரியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அந்த விளிம்பு ஈரத்தையும் மண்ணையும் உள்ளே பிடித்து வைக்கக் கூடாது. எதைப் பார்த்து வாங்குவது, கடையிலேயே எப்படிச் சோதிப்பது, அப்புறம் எப்படிப் பராமரிப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

கேமரா ஏன் துருத்திக்கொண்டு நிற்கிறது

இதைத் தெரிந்துகொண்டால் "மேடு இல்லாத நல்ல கேமரா போன்" தேடி அலைய வேண்டியதில்லை. வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லுதான் சென்சார். அது பெரிதாக இருந்தால் வெளிச்சம் நிறையச் சேரும், மாலை இருட்டிலும் படம் தெளிவாக வரும். ஆனால் சென்சார் பெரிதாக ஆக, லென்ஸுக்கும் அதற்கும் நடுவில் இடைவெளியும் கூட வேண்டும். ஷாவ்மி 13 ப்ரோ, விவோ எக்ஸ்100 ப்ரோ போன்றவற்றில் இருக்கும் ஒரு இன்ச் வகை சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில்தான் ஒரு இன்ச், அதன் மூலைக்கு மூலை அளவு சுமார் 16 மி.மீ. பழைய ஃபிலிம் ரோலின் ஒரு படத்துக்கு அது 43 மி.மீ. அதாவது ஏறத்தாழ 2.7 மடங்கு. ஃபிலிம் கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் காட்டிய அகலத்தை இந்தச் சென்சாரில் காட்ட சுமார் 9 மி.மீ. குவியத் தூரம், அதாவது லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவில் ஏறத்தாழ அவ்வளவு இடைவெளி தேவை. போனின் மொத்தக் கனமே 8 அல்லது 9 மி.மீ.தான். அதற்குள் டிஸ்ப்ளேயும் இருக்க வேண்டும். மிச்சம் எங்கே போகும்? வெளியேதான்.

2012-இல் வந்த நோக்கியா 808 ப்யூர்வியூவிலும் அடுத்த வருடம் வந்த லூமியா 1020-இலும் 41 மெகாபிக்சல் கேமராவுக்காகப் பெரிய மேடு இருந்தது. ஐபோனில் இந்தத் துருத்தல் 2014-இல், ஐபோன் 6-இல் தொடங்கியது. தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 2019-இல் வந்த ஹுவாவே பி30 ப்ரோவில் இருப்பதுபோல, ஒளியை ஒரு முப்பட்டகத்தால் 90 டிகிரி திருப்பி லென்ஸ்களைப் போனுக்குள் படுக்க வைப்பது. மெயின் கேமராவுக்கு அந்த வசதி இல்லை. 2025-இல் 5.8 மி.மீ. கனத்தில் சாம்சங் எஸ்25 எட்ஜ், 5.6 மி.மீ. கனத்தில் ஐபோன் ஏர் என்று உடம்பு இளைத்த போன்கள் வந்தன. கேமரா இளைக்கவில்லை. உடம்பு ஒல்லியாக ஒல்லியாக மேடுதான் பெரிதாகத் தெரிகிறது, பவுச்சின் வேலையும் கூடுகிறது.

எது கீறுகிறது, எது உடைக்கிறது

பேண்ட் பாக்கெட்டில் சாவியோடு போனைப் போடாதே என்று வீட்டில் சொல்வார்கள். நியாயமான கவலைதான், ஆனால் சாவிமேல் அவ்வளவு பழி போட வேண்டியதில்லை. தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் பித்தளைச் சாவி 3-ஐ ஒட்டி வரும். போன் கண்ணாடி 6-ஐ ஒட்டி. மென்மையானது கடினமானதைக் கீறாது. ஆனால் குவார்ட்ஸ் மணல் 7. பாக்கெட்டின் அடியில் சேர்ந்திருக்கிற நாலைந்து மணல் துகள்தான் கண்ணாடியைக் கீறுகிறது. சாவி அதை அழுத்திக்கொடுக்கிறது, அவ்வளவே.

நீலகிரி நிற்பதே சார்னோகைட் பாறையில். அந்தப் பாறையில் குவார்ட்ஸ் உண்டு. பாறை மக்கி மண்ணாகும்போது மற்றவை கரைந்து செம்மண்ணாகிவிடும், குவார்ட்ஸ் மட்டும் துகளாகவே மிஞ்சும். தேயிலைத் தோட்டத்து மண்பாதையிலோ பஸ் ஸ்டாப் சுற்றுச்சுவரிலோ போனை மல்லாக்க வைக்கும்போது கேமராக் கண்ணாடிக்கு அடியில் அந்தத் துகள் மாட்டினால் கோடு விழும். ஐபோன் உட்படச் சில போன்களில் கேமராவுக்கு மட்டும் சஃபையர் வகைக் கண்ணாடி போடுகிறார்கள். சஃபையரின் கடினம் 9. கீறல் குறைவாக விழும். கூரான கல்மேல் விழுந்தால் அதுவும் உடையும். கீறலைத் தாங்குவது வேறு, அடியைத் தாங்குவது வேறு.

ஆக, விளிம்புக்கு இரண்டு வேலை. சமதளத்தில் வைக்கும்போது கண்ணாடி தரையில் படாமல் தூக்கிப் பிடிக்க வேண்டும். கீழே விழும்போது முதல் அடியைத் தான் வாங்க வேண்டும்.

படி 1: மாடல் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

"இதுவும் அதுவும் ஒரே சைஸ்தாண்ணா, செட் ஆகும்" என்று கடைக்காரர் சொல்வார். நீள அகலம் ஒன்றாகவே இருக்கலாம். ஒரே பெயரில் 4ஜி, 5ஜி என்றும் பின்னால் ப்ளஸ், ப்ரோ என்றும் வருகிற போன்களில் கேமராவின் இடம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும், அல்லது மேட்டின் உயரம் மாறியிருக்கும். அப்படிப்பட்ட பவுச்சைப் போட்டால் விளிம்பின் ஒரு பக்கம் லென்ஸ்மேல் ஏறும், மறுபக்கம் இடைவெளி விட்டு மண்ணை வாங்கும். செட்டிங்ஸில் 'அபவுட் போன்' என்ற இடத்தில் இருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். பெயரைச் சொல்லி வாங்குவதைவிட அந்த எண்ணைச் சொல்லி வாங்குவது நிச்சயமானது.

படி 2: மேட்டின் உயரத்தை வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள்

வெர்னியர் காலிபர் எதுவும் வேண்டாம். ஏடிஎம் கார்டின் கனம் உலகம் முழுக்க ஒன்றுதான், 0.76 மி.மீ. எண்கள் புடைக்காத, தட்டையான கார்டுகளாகப் பாருங்கள். பவுச்சைக் கழற்றிவிட்டுப் போனை மெத்தென்ற துணியில் கவிழ்த்து வையுங்கள். கேமரா மேட்டுக்குப் பக்கத்தில் கார்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் இருக்கும் லென்ஸ் வளையத்தின் மட்டத்துக்கு வருகிறதா என்று கண்ணைத் தாழ்த்திப் பாருங்கள். இரண்டு கார்டு என்றால் 1.5 மி.மீ., மூன்று என்றால் 2.3 மி.மீ., ஐந்து வந்தால் 3.8 மி.மீ. மேடு படிப்படியாக இருந்தால், அதாவது ஒரு திட்டும் அதன்மேல் தனித்தனி வளையமும் என்றால், மிக உயரமான வளையத்தைக் கணக்கில் எடுங்கள்.

இரண்டு கார்டுக்குள் அடங்கினால் சாதாரண பவுச்சே போதும். மூன்றுக்கு மேல் போனால் கேமராவுக்கென்று தனியாக எழும்பிய விளிம்பு உள்ளதுதான் வேண்டும். ஐந்தைத் தொட்டால் அந்த மாடலுக்கென்றே அச்சில் செய்ததைத் தவிர வேறு எதையும் வாங்காதீர்கள்.

படி 3: கடையில் கையால் பார்க்க வேண்டியவை

போனைப் பவுச்சில் போட்டு, கேமராவுக்குக் குறுக்கே ஒரு ஸ்டீல் ஸ்கேலையோ இன்னொரு கார்டின் ஓரத்தையோ வையுங்கள். அது விளிம்பின் இரண்டு பக்கமும் உட்கார வேண்டும். இப்போது ஸ்கேலுக்கும் லென்ஸுக்கும் நடுவில் காகிதத்தை விட்டுப் பாருங்கள். 80 ஜிஎஸ்எம் ஏ4 தாளின் கனம் ஏறத்தாழ 0.1 மி.மீ. அதில் ஒரு துண்டை இரண்டு முறை மடித்தால் நான்கு அடுக்கு, 0.4 மி.மீ. மூன்று முறை மடித்தால் எட்டு அடுக்கு, 0.8 மி.மீ. மடிப்புக்கோட்டை விட்டுவிட்டு நடுப்பகுதியை உள்ளே தள்ளுங்கள். நான்கு அடுக்கு தாராளமாகப் போகவில்லை என்றால் அந்த பவுச் வேண்டாம். எட்டு அடுக்கு போனால் அருமை. அதற்கும் மிக மேலே போனால் வேறு தொல்லை வரும், படி 5-இல் சொல்கிறேன்.

அடுத்து, விளிம்பைக் கட்டைவிரலால் அமுக்குங்கள். ரப்பர் மாதிரி மடங்கி லென்ஸ் விரலில் பட்டால், விழும்போதும் அதுதான் நடக்கும். உயரம் இருந்தும் பயனில்லை. லேசாக அமுங்கி, உடனே நிமிர்ந்து, லென்ஸை விரல் தொடவிடாமல் நிற்பதுதான் சரியான விளிம்பு.

பிறகு மேஜைக் கண்ணாடிமேல் போனை மல்லாக்க வைத்துத் திரையின் நான்கு மூலையிலும் தட்டுங்கள். கேமரா ஒரு மூலையில் இருக்கும் போன்களில் எதிர்மூலையைத் தட்டினால் ஆடும். 2021-இல் வந்த பிக்சல் 6 மாதிரி அகலமான பட்டையாகக் கேமரா இருந்தால் இந்த ஆட்டம் இருக்காது. கொஞ்சம் ஆடுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். லொடக் லொடக்கென்று ஆடினால் மேஜையில் வைத்து டைப் செய்கிற ஒவ்வொரு முறையும் விளிம்பின் ஒரே புள்ளி தேயும், நாளடைவில் அந்த இடம் தட்டையாகிவிடும்.

'மிலிட்டரி கிரேடு' என்று அட்டையில் எழுதியிருக்கிறதே என்று கேட்பார்கள். எம்ஐஎல்-எஸ்டிடி-810 என்பது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறை. அதில் விழும் சோதனை ஒன்று உண்டு: 4 அடி உயரத்திலிருந்து, ஒவ்வொரு பக்கமும் ஓரமும் மூலையுமாக 26 முறை. விழுகிற தரை பெரும்பாலும் கான்கிரீட்மேல் விரித்த 2 இன்ச் ப்ளைவுட். கூரான ஜல்லி அதில் கிடையாது. சோதனையைச் செய்தோம் என்று சொல்லிக்கொள்வதும் பெரும்பாலும் தயாரிப்பவரே. சான்று கொடுக்கத் தனி அமைப்பு எதுவும் இல்லை. அட்டையைப் படித்துவிட்டுத் திரும்ப ஸ்கேலை எடுங்கள்.

படி 4: எந்தப் பொருள் மலைக்கு ஒத்துவரும்

டிரான்ஸ்பரென்ட் பவுச் என்று விற்பது பெரும்பாலும் டிபியு என்ற வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக். வழுவழுப்பு குறைவு, அடியை வாங்கும், விலையும் மலிவு. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். குளிர்கிறதே தவிர, கதிரின் வீச்சு சமவெளியைவிட அதிகம். மஞ்சளானது அழுக்கு இல்லை, பொருளே மாறிவிட்டது. பேஸ்ட் போட்டுத் தேய்த்தாலும் சோடா உப்பு போட்டாலும் பழைய நிறம் திரும்பாது. நிறம் போனதற்காகத் தூக்கிப் போட வேண்டாம், தளர்ந்துபோனால் மாற்றுங்கள். முதுகு கெட்டியான பாலிகார்பனேட் பிளாஸ்டிக், ஓரமும் கேமரா விளிம்பும் டிபியு என்று இரண்டு பொருளில் வருவதுதான் என் தேர்வு. மஞ்சளாவதும் மெதுவாக நடக்கும், விளிம்பும் உருக்குலையாது.

சிலிகோன் பவுச் கைக்கு இதமாக இருக்கும். ஆனால் ஸ்வெட்டர், ஜெர்கின் பாக்கெட்டின் பஞ்சு, கம்பளி நூல் எல்லாம் அதில் ஒட்டும். விளிம்பின் உள்மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையமாகச் சேர்ந்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தப் பஞ்சு ஈரத்தை உறிஞ்சி வைக்கும், மணலையும் பிடித்துக்கொள்ளும்.

தோல் பவுச், ஃப்ளிப் கவர் இரண்டையும் மழைக்காலத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பீரோவில் வைத்த ஷூவிலும் பெல்ட்டிலும் பூஞ்சணம் படிகிற ஊரில், நாள் முழுக்கக் கைவியர்வையும் தூறலும் வாங்குகிற தோலில் படியாமல் இருக்குமா?

கேமராவை மூடித் திறக்கிற ஸ்லைடர் பவுச்சும் எனக்குப் பிடிக்காது. கதவு ஓடுகிற தடத்தில் ஒரு மணல் துகள் போனால் அதை லென்ஸின் குறுக்கே இழுத்துவிடுவது அந்தக் கதவேதான். காட்டெருமை தெருவில் நடந்து வருகிற நேரத்தில் கதவைத் திறக்க மறந்து கறுப்புப் படம் எடுத்தவர்களும் உண்டு. (எருமையைப் பாதுகாப்பான தூரத்திலிருந்து ஜூம் செய்து எடுங்கள். அதற்குத்தான் அந்த மேட்டுக்குள் டெலி லென்ஸ் வைத்திருக்கிறார்கள்.)

படி 5: கடையை விட்டு வெளியே வருவதற்குள் எடுத்துப் பார்க்க வேண்டிய படங்கள்

விளிம்பு உயர்ந்தால் கேமராவுக்குப் பாதுகாப்பு கூடும், படத்துக்கு இடைஞ்சலும் கூடும். பணம் கொடுக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்தால் திரும்ப வந்து மாற்ற அலைய வேண்டாம்.

வெள்ளைச் சுவரை 0.5 மடங்கு அகலக் கோணத்தில் எடுங்கள். மூலைகளில் கறுப்பு நிழல் விழுந்தால் விளிம்பு கோணத்துக்குள் வருகிறது என்று பொருள். இந்த லென்ஸ் பொதுவாகச் சுமார் 120 டிகிரி பார்க்கும். கணக்குப் போட்டால், கண்ணாடி மட்டத்துக்கு மேல் ஒவ்வொரு மில்லிமீட்டர் உயரத்துக்கும் விளிம்பு ஏறத்தாழ 1.7 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். உயரமாக, அதே சமயம் லென்ஸை நெருக்கி நிற்கிற விளிம்பு இதில் தோற்றுவிடும். ஓரத்தைச் சாய்வாகச் சீவியிருக்கிற பவுச்சுகள் தப்பித்துவிடும்.

கல்லாவுக்கு அடியில் இருட்டான இடத்தில் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம். பவுச்சுடன் எடுத்ததில் வெள்ளைப் புகை படர்ந்த மாதிரி இருந்து, இல்லாமல் எடுத்ததில் தெளிவாக இருந்தால், ஃப்ளாஷ் வெளிச்சம் விளிம்பு வழியாக லென்ஸுக்குள் கசிகிறது. டிரான்ஸ்பரென்ட் பவுச்சில் இது அடிக்கடி வரும். கேமராப் பகுதிக்கு மட்டும் கறுப்பு வளையம் வைத்தவை இதற்காகத்தான் வருகின்றன, அழகுக்காக இல்லை.

கைக்கு அருகில் ஒரு விசிட்டிங் கார்டு, அப்புறம் தெருவின் எதிர்ப்பக்கம் ஒரு போர்டு என்று மாற்றி மாற்றி ஃபோகஸ் செய்யுங்கள். தடுமாறினால் ஃபோகஸுக்கான லேசர் சென்சாரைப் பவுச் மறைக்கிறது. பவுச்சில் காந்தம் இருந்தாலும் இப்படி ஆகலாம். கேமராவுக்குள் லென்ஸை ஆடாமல் பிடிப்பதும் காந்த விசையால்தான் என்பதால், கேமராவுக்குப் பக்கத்தில் வலுவான காந்தம் வைக்க வேண்டாம் என்று ஆப்பிளே சொல்கிறது. ஒயர்லெஸ் சார்ஜிங்குக்காக முதுகின் நடுவில் வைக்கும் வளையத்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. கேமராவை ஒட்டி வைக்கும் ஸ்டாண்டு, மோதிரப் பிடி இவற்றைத்தான் கவனிக்க வேண்டும்.

கடைசியாக ஒரு சின்ன வீடியோ. பல போன்களில் கேமராவுக்குப் பக்கத்தில் ஊசித் துளை அளவுக்கு ஒரு மைக் இருக்கும். பவுச் அதை மூடினால் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும்.

லென்ஸ்மேல் ஒட்டும் கண்ணாடி வேண்டுமா?

திரைக்கு டெம்பர் ஒட்டியதும் "கேமராவுக்கும் ஒட்டிடலாமா?" என்று கடைக்காரர் கேட்பார். விளிம்பு நாலு அடுக்குச் சோதனையில் தேறியிருந்தால் வேண்டாம் என்பேன். பூச்சு இல்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஒரு கண்ணாடியைக் கூடுதலாக ஒட்டினால் இரண்டு பரப்பு கூடுகிறது. பகலில் கண்ணுக்குத் தெரியாது. இரவில் சேரிங் கிராஸ் விளக்குகளையோ தொட்டபெட்டாவில் உதிக்கும் சூரியனையோ எடுங்கள். படத்தின் எதிர்ப்பக்கத்தில் பச்சையாக, தலைகீழாக ஒரு பொய் வெளிச்சம் நிற்கும்.

மலையில் இதைவிடப் பெரிய தலைவலி, ஒட்டிய கண்ணாடிக்கும் அசல் கண்ணாடிக்கும் நடுவில் ஈரம் புகுவது. துடைக்க வழியில்லை. கல்லுடைக்கும் இடம், கட்டட வேலை, மரம் அறுக்கும் பட்டறை என்று தூசியிலேயே வேலை செய்பவர்களுக்கு மட்டும் சிபாரிசு செய்வேன். அவர்களும் மேடு முழுவதையும் மூடும் ஒரே பலகையாக வாங்காமல், ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனி வளையமாக வருவதை வாங்கலாம். ஃப்ளாஷும் லேசர் சென்சாரும் திறந்திருக்கும், ஒன்று உடைந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். குளிர்ந்த காலையில் கழற்றாதீர்கள். உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி, நைலான் நூலை ஓரத்தில் விட்டு அறுத்து எடுங்கள். கத்தி முனையால் நெம்பினால் அசல் கண்ணாடியும் சேர்ந்து வரும்.

மூடுபனி, மழை, உறைபனி

சமவெளியில் எழுதும் வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. இங்கே இதுதான் முக்கியம்.

20 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு அறையில், சுமார் 14 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளின் மேலும் நீர் படியும். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்வெளி வெளுத்துக் கிடக்கிற காலையில் உறைபனியைப் படம் எடுத்துவிட்டு வருகிறீர்கள். போன் ஐந்து டிகிரியில் இருக்கிறது. நேராக டீ கொதிக்கிற அடுப்படிக்குள் நுழைகிறீர்கள். லென்ஸ் உடனே வெளுக்கும். வெளியே படிந்ததைத் துடைத்துவிடலாம். பவுச்சுக்கும் போனுக்கும் நடுவில் படிந்ததை யாரும் பார்ப்பதில்லை. அது நாள் முழுக்க அங்கேயே இருக்கும்.

செய்ய வேண்டியது எளிது. வீட்டுக்குள் நுழையும் முன் போனை ஜெர்கினின் உள்பாக்கெட்டில் போட்டுவிடுங்கள், அல்லது ஜிப் உள்ள கவரில் வைத்து மூடுங்கள். நீர் கவரின்மேல் படியும், போனில் படியாது. கால் மணி, இருபது நிமிடம் கழித்து எடுங்கள். உறைபனிக் குளிரில் பேட்டரி திடீரென்று இறங்குவதும் சகஜம். பல போன்களுக்கு வேலை செய்யும் வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி என்றே வரையறுத்திருக்கிறார்கள். உடம்போடு ஒட்டிய பாக்கெட் அதற்கும் மருந்து.

மழையைப் பொறுத்தவரை மாவட்டம் முழுக்க ஒரே காலம் இல்லை. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பலம். உங்கள் பக்கம் எது பலமோ அந்த மாதங்களில் தினமும் இரவு பவுச்சைக் கழற்றி வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மற்ற மாதங்களில் வாரம் ஒருமுறை போதும்.

தண்ணீரும் தூசியும் உள்ளே போகாது என்று காட்டும் ஐபி68 குறியீடு இருந்தால் நனையலாமா என்றால், அது சுத்தமான தண்ணீரில், ஆய்வகத்தில், புதுப் போனில் செய்த சோதனை. கீழே விழுந்து அடிபட்டால் சீல் தளர்ந்துவிடலாம். வெந்நீர் ஆவிக்கு அந்தச் சான்று பொருந்தாது. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகு, கல்லாறு சோதனைச் சாவடியில் மழையில் ஜன்னலுக்கு வெளியே போனை நீட்டிக் காட்டுவதும் வழக்கமாகிவிட்டது. உறவினர்கள் மேலே வருகிறார்கள் என்றால் பாஸை பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேமராக் கண்ணாடியின் உட்பக்கமே வெளுத்திருந்தால், துடைத்தும் போகவில்லை என்றால், ஈரம் உள்ளே போய்விட்டது. பவுச்சைக் கழற்றுங்கள், சிம் ட்ரேயை வெளியே எடுங்கள், போனை அணைத்துவிட்டு மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு நாள் வையுங்கள். நீல மணியாக வரும் ஜெல் ஈரம் குடித்தால் ரோஸ் நிறமாகும், மாற்ற வேண்டும் என்று அதுவே காட்டிக்கொடுக்கும். அரிசியில் புதைக்காதீர்கள், மாவுத்தூள் சார்ஜிங் துளையில் அடைந்துகொள்ளும், ஆப்பிளும் இதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. ஹேர் ட்ரையரும் கணப்பும் வேண்டாம். சூடு பசையை இளக்கி, இருக்கிற சீலையும் கெடுத்துவிடும்.

சுத்தம் செய்யும் முறை

வரிசை மாறக் கூடாது. முதலில் ஊதுங்கள், கேமரா கடைகளில் கிடைக்கும் ரப்பர் ஊதுபந்தால். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிறகு மெல்லிய பிரஷ்ஷால் விளிம்பின் உள்மூலையைச் சுற்றித் தட்டிவிடுங்கள். மணல் போய்விட்டது என்று தெரிந்த பிறகுதான் துணி. மைக்ரோஃபைபர் துணியில் லேசாக மூச்சை விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றித் துடையுங்கள். சட்டை நுனியாலும் மப்ளராலும் துடைத்தால் அதில் இருக்கிற மண்ணையே தேய்த்துக்கொண்டிருப்பீர்கள்.

நம் ஊரில் ஒரு பழக்கம் உண்டு: எந்தப் பிசுக்காக இருந்தாலும் நீலகிரித் தைலம். ஸ்டிக்கர் பசையைத் தைலம் நன்றாகவே எடுக்கும். அதே குணம்தான் இங்கே ஆபத்து. லென்ஸ் கண்ணாடியைப் பிடித்திருப்பதும் பசைதான். ஓரத்தில் தைலம் இறங்கினால் அதையும் இளக்கும், கண்ணாடிமேல் எண்ணெய்ப் படலமும் நிற்கும். பிசுக்குப் போகாவிட்டால் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துடைப்பான் போதும்.

பவுச்சை வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் கேமரா விளிம்பைத் தேய்த்துக் கழுவுங்கள். சமவெளியில் ஒரு மணி நேரத்தில் காயும். ஜூலையில் இங்கே ஒரு நாள் ஆகும். ஈரத்தோடு போட்டால் கழுவாமலே இருந்திருக்கலாம். மழை மாதங்களில் இரண்டு பவுச் வைத்து மாற்றி மாற்றிப் போடுவது நல்லது, விலையும் பெரிதில்லை.

வண்டியில் போகும்போது

மேட்டுப்பாளையம் – குன்னூர் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் கல்லட்டிச் சாலையின் 36 வளைவுகளிலும் மேப் பார்க்கப் போனை பைக் ஹேண்டிலில் மாட்டுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். லென்ஸை ஆடாமல் பிடிக்கும் ஓஐஎஸ் அமைப்பு நுண்ணிய ஸ்பிரிங்கில் மிதக்கிறது. சக்தி வாய்ந்த பைக் எஞ்சினின் அதிர்வு நெடுநாள் பட்டால் கேமரா கெடலாம் என்று 2021-இல் ஆப்பிள் எச்சரித்தது. எவ்வளவு தடித்த பவுச்சும் இந்த அதிர்வைத் தடுக்காது. அதிர்வை வாங்கும் ரப்பர் டேம்பர் உள்ள மவுன்ட் போடுங்கள், அல்லது போனைப் பாக்கெட்டில் வைத்து இயர்போனில் வழி கேட்டுக்கொள்ளுங்கள்.

மலை ரயிலில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் படம் எடுக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத் தண்டவாளம், நடுவில் பாலங்கள். நழுவினால் எந்த விளிம்பும் உதவாது. பவுச்சின் கீழ்ப்பக்கம் கயிறு மாட்டும் துளை இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். மணிக்கட்டில் மாட்டும் கயிறு சில பத்து ரூபாய்தான்.

கண்ணாடி உடைந்துவிட்டால்

சிறு கீறல் ஒன்றிரண்டு இருந்தால் விட்டுவிடுங்கள். லென்ஸ் அதற்கு அப்பால் ஃபோகஸ் செய்வதால் படத்தில் தெரியாது, விளக்கை நேராக எடுக்கும்போது மட்டும் ஒரு கோடு ஒளிரும். விரிசலோ ஓட்டையோ என்றால் அன்றைக்கே ஒரு டிரான்ஸ்பரென்ட் டேப்பை மேலே ஒட்டிவிடுங்கள். மூடுபனி உள்ளே போவதையும் கண்ணாடித் தூள் லென்ஸில் உதிர்வதையும் அது தற்காலிகமாகத் தடுக்கும். அந்தப் போனுக்கு இனி தண்ணீர்ப் பாதுகாப்பு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பல போன்களில் வெளிக்கண்ணாடியை மட்டும் தனியாக மாற்றலாம். கேமரா மாட்யூலையே மாற்றச் சொன்னால், முதலில் கேமராவைத் திறந்து படம் தெளிவாக வருகிறதா, ஃபோகஸ் ஆகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் உடைந்தது கண்ணாடி மட்டும்தான், செலவு அதற்குத் தகுந்தபடிதான் ஆக வேண்டும். மாற்றிக்கொடுத்ததும் கடையிலேயே படி 5-இன் படங்களை எடுத்துப் பாருங்கள். உள்ளே தூசி மாட்டியிருந்தால் அப்போதே தெரியும். வீட்டுக்கு வந்ததும் பவுச்சைப் போட அவசரப்பட வேண்டாம். கண்ணாடியை ஒட்டிய பசை முழுதாக இறுக இந்தக் குளிரில் ஒரு நாளாவது ஆகும்.